கல் பங்களா முதல் சேப்பாக்கம் வரை



ஆண்டறிக்கையின் வரவு செலவுக் கணக்கிற்கும் நிர்வாகக் குழுவின் நன்றியுரைக்கும் இடையே வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம்பெறுவது நம் மலரின் வழக்கம். இவ்வாண்டு எதைப் பற்றி எழுதலாம் என்று மலர்க்குழு கூடிப் பேசியபோது, நம் பிள்ளைகள் பலர் நாள்தோறும் படியேறிச் செல்லும் உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தைச் சுற்றிப் பார்த்து எழுதுவோமென முடிவாயிற்று. "கல்லூரிக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போனதுண்டு, கட்டணம் கட்டப் போனதுண்டு, கட்டடத்தைப் பார்க்க யார் போனார்கள்?" என்று குழுவில் மூத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆதலால் ஒரு பிற்பகல் லுஹருக்குப் பின் புறப்பட்டு, அஸருக்குள் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு மேலேறினோம். திரும்பியது மஃரிபுக்குச் சற்று முன்னர்தான்.

உதகையில் 'ஸ்டோன் ஹவுஸ்' என்று ஆங்கிலத்திலும் 'கல் பங்களா' என்று நம் நாவிலும் வழங்கும் வீடு இக்கல்லூரி வளாகத்தில்தான் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822 ஆம் ஆண்டு இதனைக் கட்டத் தொடங்கினார். உதகையில் எழுந்த முதல் பங்களா இதுவே. மண்ணும் மூங்கிலும் வைக்கோலும் கொண்டே வீடு கட்டப்பட்டுவந்த மலையில், கல்லைச் செதுக்கி அடுக்கிச் சுவர் எழுப்பியது அக்காலத்தில் எவ்வளவு வியப்பாக இருந்திருக்க வேண்டும் என்பதற்குப் பெயரே சாட்சி. கட்டியவர் பெயரால் மக்கள் அதனை அழைக்கவில்லை. கல்லின் பெயரால் அழைத்தார்கள். கல்லூரியாக மாறிய பின்னரும் இக்கட்டடம் கல்லூரி முதல்வருக்குரியதாக இருந்துவந்தது.

1822 என்ற ஆண்டைச் சொல்லிவிட்டு எளிதில் கடந்துவிட முடியவில்லை. இன்று நாம் மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறோம். குன்னூர் மலைப்பாதை 1830களின் தொடக்கத்தில்தான் உருவாயிற்று. ரயில் குன்னூரை எட்டியது 1899 இல். உதகைக்கு வந்தது 1908 இல். சல்லிவன் 1819 ஜனவரியில் முதன்முறையாக மலையேறி, கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் தங்கியபோது சாலை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குக் குதிரைப் பாதை ஒன்று அமைக்கும் வேலை பின்னர்த் தொடங்கி 1823 இல் முடிந்தது. ஆக, அப்பாதை முடியும் முன்பே இங்கே கல் பங்களாவின் சுவர் எழும்பத் தொடங்கிவிட்டது. சன்னல் கண்ணாடியும், கதவுக் கீலும், பூட்டும், ஆணியும் சமவெளியிலிருந்து மனிதர் தலையிலும் மாட்டின் முதுகிலுமே வந்திருக்க வேண்டும். அந்தத் தலைகளுக்கு உரியவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் பொறிக்கப்படவில்லை.

வளாகத்தை நடந்து பார்த்தால் மலைக்கட்டடக் கலையின் இலக்கணம் மெல்லப் புலப்படும். சமவெளி வீடு வெயிலை வெளியே நிறுத்தக் கட்டப்படுவது. மலை வீடு வெயிலை உள்ளே அழைக்கக் கட்டப்படுவது. சமவெளியில் திண்ணையும் தாழ்வாரமும் திறந்து கிடக்கும். இங்கே தாழ்வாரத்திற்கும் கண்ணாடி போட்டு மூடிவிடுவார்கள். மழை தங்காதிருக்கக் கூரை செங்குத்தாகச் சரியும். அறைக்கு ஒரு கணப்படுப்பு, அதற்கென்று கூரைக்கு மேலே ஒரு புகைபோக்கி. பழைய உதகையில் புகைபோக்கிகளை எண்ணினால் வீட்டில் எத்தனை அறை என்று சொல்லிவிடலாம் என்பார்கள். இன்று அவற்றில் பெரும்பாலானவை புகைவதில்லை, குருவிகளுக்குப் பயன்படுகின்றன. தொடக்கத்தில் புல்வேய்ந்த கூரைகளே மலையில் மிகுதி. 1865 இல் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர், அந்தச் சிவப்பு ஓடு மேற்குக் கரை முழுவதும் பரவி மலைக்கும் ஏறிற்று. நம் வீடுகளில் பாதிக்கு இன்றும் அதுவே கூரை.

வளாகத்தில் பழைய கல் சுவரையும் அண்மைக்கால வகுப்பறைக் கட்டடங்களையும் ஒருசேரப் பார்க்கலாம். கல் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுந்தது. காரை ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் புதுச் சுவரில் கரும்பாசி படர்வதன் காரணம் இதுவே என்று உடன்வந்த கொத்தனார் சகோதரர் விளக்கினார். பழைய சுவரின் விரிசலில் சிமெண்டை அடைப்பவர்கள் அதனைக் காப்பதாக எண்ணிக்கொண்டு கெடுக்கிறார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். பழைய கட்டடங்களை வைத்திருக்கும் நம் போன்ற ஜமாஅத்துகள் இதனைக் குறித்துக்கொள்வது நல்லது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டோம். நிலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதிதான்.

இந்த நிலம் தோடர்களின் மேய்ச்சல் வெளி. உதகமண்டலம் என்னும் பெயரே 'ஒத்தைக்கல் மந்து' என்பதன் திரிபு என்பர். மந்து என்பது தோடர் குடியிருப்பு. ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் சல்லிவன் அவர்களிடமிருந்து நிலத்தைப் பெற்றார் என்பது பரவலாக எழுதப்பட்டுள்ள செய்தி. எருமை மேய்வதற்கும் மந்து அமைப்பதற்கும் பொதுவில் இருந்த வெளியை, வேலி போட்டுத் தனியொருவர் உடைமையாக்கிக் கொள்ளலாம் என்ற எண்ணமே இல்லாதவர்களுக்கு, அந்த ஒரு ரூபாய் எதற்குரிய விலையாகத் தோன்றியிருக்கும்? விற்பனை என்று வாங்கியவர் கருதியதை விருந்தினருக்கு இடம் கொடுத்ததாகக் கொடுத்தவர் கருதியிருக்கவும் கூடும்.

ஆயினும் சல்லிவனைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநீதியாகும். மலையின் நிலம் தோடர்களுக்கே முழு உடைமை என்று கம்பெனி அரசிடம் தொடர்ந்து வாதாடியவரும் அவரே. மேய்ச்சல் உரிமை மட்டுமே அவர்களுக்கு உண்டு என்று அரசுத் தரப்பில் எதிர்வாதம் எழுந்தது. இந்த வழக்கு கடிதங்களிலேயே ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரே மனிதர் நிலத்தை வாங்கிக் குவித்தவராகவும், அந்நிலத்தின் உரிமையாளர் யார் என்று எடுத்துரைத்தவராகவும் இருந்திருக்கிறார். வரலாற்றில் மனிதர்கள் நமக்கு வசதியான முறையில் நல்லவர், கெட்டவர் என்று பிரிந்து நிற்பதில்லை. 1838 இல் மனைவியையும் மகளையும் இம்மலையிலேயே அடக்கம் செய்துவிட்டு, 1841 இல் அவர் தாயகம் திரும்பினார்.

கல் பங்களாவை உதகையின் முதல் கட்டடம் என்று சிலர் எழுதுவதுண்டு. அதுவும் சரியன்று. தாவரவியல் பூங்காவுக்கு மேலேயுள்ள தோடர் மந்துக்குச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள்: பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற்போன்ற கூரை, மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்தது, தவழ்ந்துதான் நுழைய முடியும் என்னுமளவுக்குச் சிறிய வாயில். குளிர்காற்றும் காட்டு விலங்கும் உள்ளே வராமலிருக்க அந்த வாயில். கணப்படுப்பும் புகைபோக்கியும் கண்ணாடியும் வைத்துப் பங்களாக்காரர் தேடிய அதே கதகதப்பை, காட்டில் கிடைக்கும் பொருளைக் கொண்டே இவர்கள் அடைந்திருக்கிறார்கள். கட்டடக் கலை என்றால் கல்தான் என்ற எண்ணத்தை நாமும் அன்று சிறிது திருத்திக்கொண்டோம்.

1870 முதல் உதகை சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரமாயிற்று. ஆண்டுதோறும் ஆளுநரும் ஆலோசகரும் எழுத்தரும் கோப்புகளும் மலையேறி வந்து மாதக்கணக்கில் தங்குவர். கல் பங்களாவும் அதனோடு சேர்ந்த கட்டடங்களும் அரசின் செயலகமாக இயங்கின. ஒரிசாவின் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்த மாகாணத்தின் ஆணைகள் இந்தக் குன்றின்மேல் எழுதப்பட்டன. கோடை வெயிலில் குடிமக்களை விட்டுவிட்டு அரசு மலையேறலாமா என்ற கண்டனமும் அக்காலத்திலேயே எழுந்தது. கோப்புகளோடு சேர்ந்து மலையேறியவர்கள் வேறு சிலரும் உண்டு: சமையற்காரர், தையற்காரர், ரொட்டி சுடுபவர், இறைச்சி வணிகர், வண்டிக்காரர். நம் ஜமாஅத்துப் பெரியவர்களிடம் குடும்பக் கதை கேட்டால், அவ்வரிசையில் எங்கோ ஓரிடத்தில்தான் முதல் பெயர் வந்து நிற்கும்.

கோடைத் தலைநகரம் ஆவதற்கு வெகுமுன்னரே, 1834 இல், இந்தியாவின் தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங் உடல்நலம் கருதி உதகையில் தங்கியிருந்தார். அவரைக் காண மெக்காலே சென்னையில் கப்பலிறங்கி, பல்லக்கில், சீரங்கப்பட்டணத்தையும் வழியில் பார்த்துவிட்டு, இம்மலைக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் எழுதிய கல்விக் குறிப்புதான் அரபு, சமஸ்கிருதக் கல்விக்குக் கிடைத்துவந்த அரசு ஆதரவைப் பின்னுக்குத் தள்ளி ஆங்கிலக் கல்விக்கு வழிதிறந்தது. 1837 இல் பாரசீகம் நீதிமன்ற மொழி என்ற தகுதியை இழந்தது. அதனால் நம் முன்னோரில் கற்றவர்கள் ஒரே தலைமுறையில் கல்லாதவர்களாக எண்ணப்பட்டார்கள் என்பதும் உண்மை. அதே ஆங்கிலக் கல்வியால்தான் நம் பிள்ளைகள் இன்று வேலை பெறுகிறார்கள் என்பதும் உண்மை. உதகையின் மழையில் அம்மனிதர் சில வாரங்கள் கழித்தார் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கல்லூரியிலிருந்து புறப்பட்டுப் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பக்கமாக நடந்தோம். 1829 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1830 இல் அர்ப்பணிக்கப்பட்ட இந்தத் தேவாலயத்தைப் பற்றி நம்மவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதன் கூரையைத் தாங்கும் பெரும் உத்திரங்கள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் மஹால் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்கள். 1799 மே 4 ஆம் நாள் சுல்தான் வீரமரணம் எய்தினார். அரண்மனை பின்னர் இடிக்கப்பட்டது. முப்பது ஆண்டு கழித்து அதன் மரங்கள் மலையேறின. குன்னூருக்கு அப்பால் பக்காசுரன் மலையில் அவருடைய காவற்கோட்டையின் இடிபாடு இருக்கிறது. உதகையிலோ அவர் வீட்டுக் கூரையே இன்னொரு கூரையாக நிற்கிறது. இதனைச் சொல்லும்போது நம் குரலில் சினம் வேண்டியதில்லை என்றே கருதுகிறோம். அண்டை வீட்டார் வணங்கும் இடம் அது. மரத்தை நன்றாகவே காத்து வைத்திருக்கிறார்கள். லால் மஹாலோ தன் ஊரில் அடித்தளமளவே எஞ்சியிருக்கிறது.

அருகிலுள்ள நீலகிரி நூலகத்தின் முன்னும் சிறிது நின்றோம். 1867 இல் தொடங்கிக் கட்டப்பட்ட இதன் சிற்பி ராபர்ட் சிஷோம். லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் பெருங்கட்டடமும் அவர் வரைந்ததே. நூலகத்தின் உயர்ந்த சன்னலில் உள்ள கூர்வளைவைப் பாருங்கள். இதனை 'காதிக்' என்று ஐரோப்பியப் பெயரால் அழைக்கிறோம். ஆனால் கெய்ரோவில் 879 ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இப்னு தூலூன் பள்ளிவாசலில் வரிசை வரிசையாகக் கூர்வளைவுகள் நிற்கின்றன. ஐரோப்பாவில் காதிக் பாணி தோன்றியது அதற்கு இரண்டரை நூற்றாண்டுக்குப் பின். லண்டன் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பவரே, இந்தப் பாணியைக் காதிக் என்பதைவிட 'சாரசனிக்' என்று அழைப்பதே பொருந்தும் என்று கருதியவர். வளைவுக்கு மதமில்லை, கொத்தனார்கள் கண்டதைக் கற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சிஷோமைப் பின்தொடர்ந்தால் மலையிலிருந்து இறங்கிச் சென்னைக்குப் போக வேண்டும். இறங்குவதற்குக் காரணமும் இருக்கிறது. 1955 இல் உதகைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. 1982 இல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் அமையும்வரை நம் ஊர்ப் பட்டதாரிகளின் சான்றிதழில் சென்னையின் முத்திரையே இருந்தது. 1857 செப்டம்பர் 5 இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் பெருமைமிகு கட்டடமான செனட் மாளிகை, 1874 முதல் 1879 வரை சிஷோம் எழுப்பியது. நூலகத்தில் கூர்வளைவு வரைந்த கை, அங்கே நான்கு மூலைக் கோபுரங்களையும் அவற்றின்மேல் குமிழ் விதானங்களையும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் வரைந்தது. சென்ற ஆண்டு வேறு வேலையாகச் சென்னை சென்றிருந்தபோது மெரினா பக்கமாக நின்று பார்த்தோம். கடற்காற்றில் செம்பழுப்பு நிறத்தில் அது நிற்கும் அழகு ஒருபுறம். அடுத்து நிற்பது என்ன என்பது மறுபுறம்.

அடுத்து நிற்பது சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768 இல் கட்டியது; ஹுமாயூன் மஹால், கல்ஸா மஹால் என இரு பகுதி. இதனைக் கட்டிக்கொடுத்தவர் பால் பென்ஃபீல்டு என்பர். கம்பெனியில் பொறியாளராக வந்து, ஒப்பந்தக்காரராகி, நவாபுக்கே வட்டிக்குக் கடன் கொடுத்தவர். நவாபின் கடன் எவ்வளவு பெருகிற்று என்றால், 1785 இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அதைப்பற்றியே நெடும் உரை நிகழ்த்தும் நிலை வந்தது. 1801 இல் கர்நாடக ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1855 இல் நவாப் குலாம் முஹம்மது கவுஸ் கான் வாரிசின்றி மறைந்தார், நவாப் பட்டம் ஒழிக்கப்பட்டது, 1859 இல் அரண்மனை ஏலத்திற்கு வந்தது, அரசே வாங்கிக்கொண்டது. வட்டி எவ்வாறு ஓர் அரசைத் தின்னும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நாம் தேடிப்போக வேண்டியதில்லை.

சிஷோம் அந்த அரண்மனையின் இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு கோபுரத்தை எழுப்பினார். பக்கத்தில் தாம் கட்டிய கட்டடங்களுக்கு நவாபின் பாணியையே எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் இந்தோ-சாரசனிக் என்று பெயர்பெற்று நாடெங்கும் பரவிய பாணிக்கு முன்னோடி இந்த அரண்மனைதான் என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அரசு போயிற்று, அரசனின் வளைவு மட்டும் பல்கலைக்கழகத்திலும் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் ரயில் நிலையத்திலும் வாழ்ந்தது. 2012 ஜனவரியில் கல்ஸா மஹாலில் தீப்பிடித்து, தீயணைக்கச் சென்றவர் ஒருவர் உயிரிழந்தார். பின்னர் அது பழைய முறையில் சுண்ணாம்புக் காரை கொண்டே சீரமைக்கப்பட்டது; நம் கொத்தனார் சகோதரர் கேட்டால் மகிழ்வார்.

அதே பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறைக்குத் தலைவராக இருந்தவர் முஹம்மது ஹுசைன் நைனார். தென்னிந்தியாவைப் பற்றி அரபுப் புவியியலாளர் எழுதியவற்றைத் திரட்டி அவர் ஆக்கிய நூலைப் பல்கலைக்கழகம் 1942 இல் வெளியிட்டது. வாலாஜாவின் வரலாற்றைக் கூறும் பாரசீக நூலையும் அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஏலம்போன அரண்மனைக்குப் பக்கத்துக் கட்டடத்தில், அவ்வரண்மனைக்காரரின் வரலாற்றைத் தமிழ் முஸ்லிம் ஒருவர் மீட்டெடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மெக்காலேயின் குறிப்புக்குப் பின் ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது.

மீண்டும் உதகைக்கு வருவோம். நாம் வளாகத்தில் நடந்த அன்று மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கிற்று. வகுப்பு விட்டு மாணவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். படுகர் வீட்டுப் பிள்ளைகள், பழங்குடிப் பிள்ளைகள், 1964 ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், குளிருக்குப் புர்காவின்மேல் கம்பளிச் சட்டை போட்ட நம் பெண்பிள்ளைகள். கூடலூர்ப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று ஒரு கூட்டம் ஓடிற்று. மாகாணத்தின் ஆணைகள் எழுதப்பட்ட குன்றில், யாரும் யாருக்கும் ஆணையிடாமல், நெல்லிக்காய் தின்றுகொண்டு நடந்தார்கள். அவர்களில் நம் மஹல்லாவைச் சேர்ந்த மாணவி ஒருத்தியை நிறுத்தி, "இந்தக் கட்டடம் யார் கட்டியது தெரியுமாம்மா?" என்று கேட்டோம்.

"சல்லிவன் துரை கட்டினது, மாமா. வகுப்பில் சொன்னாங்க."

"நிலம் யாருடையது?"

சிறிது யோசித்து, உடன்வந்த தோழியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தோடர் வீட்டுப் பிள்ளை. இருவரும் சிரித்தார்கள். "இவங்களோடது" என்றாள். பேருந்து ஒலி எழுப்பிற்று, இருவரும் ஓடினார்கள்.